பாக்கியா வாய் திறக்கவில்லை

7 மார்ச் 2006, செவ்வாய்

இன்றைக்கு மையத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் சிகிச்சைக்கே வரவில்லை. 'ஆக்குபேஷனல் தெரபி மையம்' என்ற வாசல் பலகையைப் படித்துவிட்டு நேராக உள்ளே வந்து, "ஆக்குபேஷன்னா வேலைதானம்மா? எம் பையன் ஐடிஐ முடிச்சிட்டுச் சும்மா இருக்குறான். எதுனா போட்டுக் குடு" என்று ஒரு கவர் நிறைய சர்ட்டிபிகேட்டை மேஜையில் வைத்தார். கை கால் சரியாக வராத பிள்ளைகளுக்குச் சாப்பிட, பிடிக்க, உட்காரச் சொல்லித்தருகிற இடம் இது என்று விளக்கினேன். "அத அப்படியே எழுதி வெக்கறதுக்கு இன்னா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். நியாயம்தான். பலகையை மாற்றச் சொல்லி பக்தவச்சலம் சாரிடம் ஐந்து மாதமாகக் கேட்கிறேன். சுனாமிக்குப் பிறகு இந்த மையத்தை ஆரம்பித்த டிரஸ்டின் மேலாளர் அவர். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்மா" என்பார். பார்க்க மாட்டார்.

மற்ற இருவர் அம்சவள்ளியும் அவள் குழந்தை பாக்கியலட்சுமியும்.

பாக்கியா இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்துவிட்டவள். போன அக்டோபரில் பிறந்தபோது ஒன்றே கால் கிலோ. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். உறிஞ்சத் தெம்பில்லாததால் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டார்கள். அந்தக் குழாயோடுதான் வீட்டுக்கு வந்தாள், இன்னும் அதோடுதான் இருக்கிறாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் குழாயில் இறங்குகிறது. அவள் வாய்க்கு வேலையே இல்லை. அதற்கு வேலை கொடுப்பதுதான் என் வேலை.

இரண்டு வாரத்துக்கு முன்னால் முதல் தடவை வந்தபோது என் சுண்டு விரலை நாலைந்து தடவை உறிஞ்சினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அம்சவள்ளிக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். குழாயில் பால் விடும் ஒவ்வொரு தடவையும் கையை நன்றாகக் கழுவிவிட்டு, குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, கன்னத்தை உதட்டுப் பக்கமாகத் தடவி, சுண்டு விரலை உறிஞ்சக் கொடுக்க வேண்டும். வயிறு நிறையும்போதே வாயும் உறிஞ்சப் பழகினால் பிறகு மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் துளித் துளியாகப் பால் கொடுக்கலாம். "அம்மாதான் செய்யணும், வேற யார் விரலும் வேணாம். நேரம் தவறவே கூடாது" என்று சொல்லி, படம் போட்ட தாளும் கொடுத்தனுப்பினேன்.

இன்றைக்கு என் விரல் உதட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி போனால் வாயை இறுக்கி மூடுகிறாள், முதுகை வளைத்துப் பின்னால் போகிறாள். என்ன ஆச்சு இவளுக்கு?

10 மார்ச், வெள்ளி

அதே கதை. வாய் திறக்கவில்லை.

14 மார்ச், செவ்வாய்

"வீட்ல செய்றீங்களா?"

"செய்றேன் மேடம்."

"டெய்லி?"

"நீங்க சொன்ன மாதிரிதான்."

"எத்தனை தடவை?"

"அதான் மேடம், நீங்க சொன்ன மாதிரி."

இதற்கு மேல் ஒரு வார்த்தை அம்சவள்ளியிடமிருந்து வராது. தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இருபத்திரண்டு வயது. உப்பளத்தில் கூலி வேலை, விடிவதற்கு முன்னால் போய்விட்டு வெயில் ஏறியதும் திரும்புகிறவள். புருஷன் கொளஞ்சிக்கும் அங்கேதான் வேலை. அவர்கள் இல்லாத நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது கொளஞ்சியின் அக்கா பாப்பாத்தி.

ஒழுங்காகச் செய்தால் குழந்தை இப்படி ஆகாது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ஆகாது. பொய் சொல்கிறாள் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வந்தேன், அடக்கிக்கொண்டேன். தாளை இன்னொரு காப்பி கொடுத்து, "படத்தைப் பாத்துப் பாத்துச் செய்ங்க. எனக்காகச் செய்ய வேணாம், உங்க குழந்தைக்காகச் செய்ங்க" என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. போகட்டும்.

19 மார்ச், ஞாயிறு

கிளியனூருக்குப் போயிருந்தேன். அம்மா ஆரம்பித்துவிட்டாள். "புள்ளைங்களுக்குப் பால் குடிக்கக் கத்துக்கொடுக்குற வேலைன்னு சொன்னா கேக்கறவங்க சிரிக்கிறாங்கடி. கன்னுக்குட்டிக்கு யார்டி கத்துக்கொடுத்தா?"

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது, மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய ஒரு குழந்தை என்ன பாடு படவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அம்மா அரிசி களையப் போய்விட்டாள். கோபத்தில் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன். மரக்காணத்தில் என் ரூமுக்கு வந்து பார்த்தால் வாழைப்பழம் ஒன்றுதான் இருக்கிறது. யாருக்கு நஷ்டம்?

28 மார்ச், செவ்வாய்

எடை மூன்று கிலோ அறுநூறு. மாத ஆரம்பத்திலும் இதேதான்.

உறிஞ்சும் பழக்கம் தானாக இருப்பது பிறந்து கொஞ்ச மாதங்களுக்குத்தான். அது போய்விட்டால் பிறகு ஒவ்வொரு வாயும் போராட்டம். பாக்கியாவுக்கு அந்த மாதங்கள் கழிந்துகொண்டே வருகின்றன. அம்சவள்ளி பீய்ச்சிக் கொண்டுவரும் பாலும் டம்ளரில் குறைந்துகொண்டே வருகிறது. மிச்சத்துக்குப் பால்பவுடர்.

ஆஸ்பத்திரிக்குக் காலாண்டு அறிக்கை அனுப்ப வேண்டிய நாள். எழுதினேன்: "வாய்வழி உணவுக்கு முன்னேற்றம் இல்லை. வீட்டுப் பயிற்சியில் தாயின் ஒத்துழைப்பு போதவில்லை." இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். உள்ளதைத்தானே எழுதினேன்? தபாலில் சேர்த்துவிட்டேன்.

11 ஏப்ரல், செவ்வாய்

இவ்வளவு கத்தியதில்லை நான்.

பாக்கியா காய்ச்சலோடு வந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டை சிவந்து, ஓரத்தில் ஒரு கீறல். பாப்பாத்தியும் கூட வந்திருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன். அம்சவள்ளி வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள். பாப்பாத்திதான் சொன்னாள்: "தொக்கம் எடுத்தோம்."

தொக்கமாம்! பிள்ளை சாப்பிடவில்லையென்றால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று ஒருத்தி விரலை விட்டு எடுப்பாளாம். வாய் வழியாக ஒரு சொட்டுகூட இறங்காத ஆறு மாதக் குழந்தைக்குத் தொண்டையில் என்ன சிக்கும்? "வந்துச்சும்மா, வெள்ளையா, இத்தினி. எங் கண்ணால பாத்தேன்" என்று விரல் நுனியைக் காட்டுகிறாள் பாப்பாத்தி.

"அறிவிருக்குதா உங்களுக்கு? கண்டவங்க விரலைக் கொழந்தை வாய்க்குள்ள விட்டா அது எப்படி வாயைத் திறக்கும்?" என்று கத்தினேன்.

"நீயுந்தாம்மா வெரல வுடச் சொல்ற" என்றாள்.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மருந்து வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அறைக்கு வந்ததிலிருந்து பாப்பாத்தியைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். இவளால்தான் எல்லாம். மார்ச்சிலேயே மூடிவிட்ட வாய்க்கு ஏப்ரலில் எடுத்த தொக்கம் எப்படிக் காரணமாகும் என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. அதை யோசிக்க இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை.

25 ஏப்ரல், செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம். வாய்வழி உணவுக்கு வாய்ப்புக் குறைவு என்பதால் வயிற்றில் துளை போட்டு நேரடியாகக் குழாய் வைக்க முடிவு. ஜூன் பதினைந்தாம் தேதி வந்து சேர வேண்டும். காரணங்களில் ஒன்றாக என் வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 'தாயின் ஒத்துழைப்பு போதவில்லை.'

அம்சவள்ளிக்கு நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே தேர்தல் ஆட்டோ ஒன்று மைக்கை அலறவிட்டுக்கொண்டு நின்றது. அது போனதும் படித்தேன்.

"வயித்துல ஓட்டை போட்டுட்டா அப்புறம் வாயால குடிக்கவே குடிக்காதா மேடம்?"

"அப்படியில்ல. அப்புறமும் கத்துக்கலாம். ரொம்ப நாளாகும்."

"எவ்ளோ நாளு?"

எனக்குத் தெரியவில்லை. சில குழந்தைகளுக்கு வருஷக்கணக்கில் ஆகும். "பாக்கலாம்" என்றேன். பக்தவச்சலம் சாரின் வார்த்தை என் வாயில் வந்துவிட்டது.

"நா ஒத்துழைக்கலன்னு எழுதியிருக்குதா மேடம்?" என்று கேட்டாள். கடிதத்தை மடித்து உறையில் வைத்துக்கொண்டேன்.

2 மே, செவ்வாய்

வாய் மூடியே இருக்கிறது. இன்று என் கை பக்கத்தில் வருவதைப் பார்த்ததும் குமட்டினாள். தொடவேயில்லை, பார்த்ததற்கே.

இப்படியே உட்கார்ந்திருந்தால் ஜூன் வந்துவிடும். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிப் பால் நேரத்துக்குச் சொல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போகப்போகிறேன். செய்கிறாளா இல்லையா என்று என் கண்ணால் பார்த்துவிடுகிறேன்.

5 மே, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறரைக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால், "பாப்பாத்தி கொயந்தையத் தூக்கிக்கினு உப்பளத்துக்குப் போயிருக்குது. டெய்லி போவுதே" என்றார்கள். உப்பளத்துக்கு எதற்கு? வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு வரப்பு வழியாக நடந்தேன். சூரியன் வந்தாயிற்று. பாத்தி முழுக்க வெள்ளை, கண்ணைத் திறக்க முடியவில்லை. தூரத்தில் ஒரு குடை தெரிந்தது. பாப்பாத்தி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பால் டம்ளர், குழாய்க்கு விடும் சிரிஞ்சு, மூடிபோட்ட தூக்கு.

அம்சவள்ளி தலையில் உப்புக் கூடையோடு வந்து குவியலில் கொட்டிவிட்டு, யாரிடமோ "ஏழாச்சா?" என்று கேட்டாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நிஜமாகவே ஓடினாள். வாய்க்கால் ஓரம் குந்தி இரண்டு கையையும் முக்கிக் கழுவினாள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண். நான் தாளில் போட்டுக் கொடுத்த படம் என்ன வரிசையோ அதே வரிசை, மூன்று தடவை. பிறகு குழந்தையை வாங்கி மடியில் நிமிர்த்தி வைத்தாள். தலைக்கும் கழுத்துக்கும் கை கொடுத்த விதம் அவ்வளவு சுத்தம். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு அது வராது. பாப்பாத்தி குழாயில் பாலை விட ஆரம்பித்ததும் இவள் கன்னத்தைத் தடவி, உதட்டைத் தொட்டு, சுண்டு விரலைக் கொண்டுபோனாள். பாக்கியா முகத்தைக் கோணிக்கொண்டு பின்னால் வளைந்தாள். "கொஞ்சம்டி, கொஞ்சம் கண்ணு" என்று கெஞ்சிக்கொண்டே விரலை உள்ளே வைத்தாள்.

எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. அப்புறம் ஏன்?

என்னைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தாள். "செய்றேன் மேடம், டெய்லி செய்றேன்." அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். விரல் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளைக் கோடு. வாய்க்காலில் என் விரலை முக்கி நாக்கில் வைத்தேன்.

நாக்கு சுருண்டுவிட்டது. கடல் தண்ணீர்கூட இல்லை அது, கடல் தண்ணீர் காய்ந்து சுண்டியது. காறித் துப்பினேன், மறுபடி துப்பினேன், கரிப்பு போகவில்லை.

"இந்தத் தண்ணியிலயா கழுவுறீங்க?"

"இங்க தண்ணின்னா இதுதானே மேடம். குடிக்க ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்துணு வருவோம், அதுல கை கழுவ முடியுமா? நீங்க கழுவாம செய்யக்கூடாதுன்னு சொன்னீங்க."

"ஏன் இங்க வச்சிச் செய்றீங்க? வீட்டுக்குப் போய்ச் செய்யலாமில்ல?"

"ஏழு மணிக்கு ஒண்ணு, பத்து மணிக்கு ஒண்ணு மேடம். நா வீட்டுக்குப் போக பதினொண்ணு ஆயிடும். நேரம் தவறவே கூடாதுன்னீங்க. அண்ணி செய்றேன்னுதான் சொன்னாங்க. நீங்கதான் அம்மா வெரலுதான் வெக்கணும், வேற யாரும் வெக்கக்கூடாதுன்னுட்டீங்க."

"உப்பு கரிக்கும்னு தெரியாதா?"

"எங்க கைக்குப் பழகிப்போச்சு மேடம். அதுக்கும் பழகிடும்னு நெனச்சேன்."

பத்து வாரம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஐயோ. முதல் நாள் என் விரலை உறிஞ்சினாளே, அந்தக் குழந்தையின் வாயில் பத்து வாரம் உப்பை வச்சித் தேய்க்கச் சொல்லி அனுப்பியிருக்கேன். விரல்னாலே உப்புன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு, மூடாம என்ன செய்யும்? எங்க வச்சிச் செய்றேன்னு ஒரு நாள் கேட்டேனா? எந்தத் தண்ணின்னு கேட்டேனா? எத்தனை தடவைன்னுதான் கேட்டேன். பொய் சொல்றாள்னு நெனச்சேன். உப்பளத்து வேலைக்காரின்னு தெரிஞ்சும் கையைப் பாக்கலையே நான். சத்யப்ரியா, நீயெல்லாம் ஒரு தெரபிஸ்ட்டு.

6 மே, சனி

பக்தவச்சலம் சாரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு எழுதி, போன அறிக்கையைத் திருத்த வேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்புன்னு எழுதாதம்மா. பண்டு குடுக்குறவங்க பைலைப் படிப்பாங்க. பயிற்சி முறை மாற்றப்பட்டதுன்னு எழுது. அதுவும் உண்மைதானே?"

"அம்மா ஒத்துழைக்கலன்னு நான் எழுதினது பொய் சார். அதனாலதான் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க."

"பாக்கலாம்மா."

பார்க்க ஒன்றும் இல்லை. டாக்டர் கையிலேயே கொடுப்பதற்காகக் கடிதத்தை நானே எழுதி வைத்துவிட்டேன். "தாய் என் அறிவுரையை ஒரு வேளைகூடத் தவறாமல் பின்பற்றினார். தவறு அறிவுரையில் இருந்தது" என்று இருக்கிறது. என்னவாவது செய்யட்டும்.

8 மே, திங்கள்

ஓட்டுப்போடும் நாள், உப்பளம் லீவு. மூன்று பேரும் வீட்டில் இருப்பார்கள் என்று போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நாந்தான் எம் புள்ள வாயில உப்பு வெச்சனா?" என்றாள் அம்சவள்ளி.

"நீ வைக்கல. நான் வைக்கச் சொன்னேன்."

"பத்து வாரமா என்னத் திட்னீங்களே மேடம். செய்றேன் செய்றேன்னு சொன்னனே. பேப்பர்ல வேற எழுதி அனுப்பிட்டீங்க." சத்தம் போட்டு அழுதாள். அவள் குரலை இன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன். கொளஞ்சி, "வுடும்மா, மேடம் என்னா வேணும்னா செஞ்சாங்க" என்றான். அவள் விடவில்லை. திட்டினாள். கேட்டுக்கொண்டு நின்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

பாப்பாத்திதான் கடைசியில், "தொக்கம் எடுத்ததுக்கு எங்கள என்னா கத்து கத்துன. இப்ப உன்ன யாரு கத்துறது?" என்றாள். சொல்லிவிட்டு டீ வைத்துக் கொடுத்தாள்.

அடுத்து என்ன செய்வது என்று நான் ஆரம்பித்தேன். வீட்டில் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, பாப்பாத்தி ஒரு வேளை, அம்சவள்ளி ஒரு வேளை என்று. அம்சவள்ளி குறுக்கே வந்தாள். "வேணாம் மேடம். கொஞ்ச நாளைக்கு அது வாயிலே யாரும் எதையும் வெக்க வேணாம். வுட்டுருவோம்."

எங்கள் பாடத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது. வெறுத்துப்போன வாயை முதலில் ஓய்வெடுக்க விட வேண்டும். எனக்குத் தெரியும். கடைசிவரை அது என் வாயில் வரவில்லை, அவள் சொன்னாள். சரி என்றேன்.

16 மே, செவ்வாய்

ஓய்வு. மத்தியானம் வந்து குளித்த பிறகு அம்சவள்ளி குழந்தையைச் சட்டையில்லாமல் நெஞ்சோடு சாய்த்துக்கொள்கிறாள், அப்படியே குழாயில் பால் போகிறது. பால் வாசம் மட்டும் மூக்குக்குப் பக்கத்தில். வாயைத் தொடுவதில்லை. உப்பளத்துக்குக் குழந்தையைத் தூக்கிப் போவதும் நின்றுவிட்டது.

ஜூன் பதினைந்துக்கு இன்னும் முப்பது நாள் இருக்கும்போது சும்மா இருப்பது என்னால் முடியவில்லை. நகத்தைக் கடிக்கிறேன்.

23 மே, செவ்வாய்

ஒன்றும் இல்லை. வாய் மூடித்தான் இருக்கிறது. ஆனால் குமட்டவில்லை.

26 மே, வெள்ளி

தன் கையை எடுத்துத் தானே வாயில் வைத்துக்கொண்டாள்!!

30 மே, செவ்வாய்

அம்சவள்ளி சிரித்துக்கொண்டே வந்தாள். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்க மூன்று மாதம் ஆகியிருக்கிறது. நெஞ்சில் சாய்ந்திருந்த பாக்கியா நேற்று நிமிர்ந்து அவள் தாவாக்கட்டையைப் பிடித்துச் சப்பினாளாம். "கூச்சம் தாங்கல மேடம், ஆனா அசையாம இருந்தேன்."

இன்று மையத்தில் பாலாடையைக் கொதிக்க வைத்து ஆற்றி, நாலு சொட்டுப் பால் எடுத்து, உதட்டில் வைக்காமல் அதன் ஓரத்தில் மட்டும் காட்டினோம். நாக்கை நீட்டினாள். விழுங்கினாள். இன்னொரு தடவை நீட்டினாள். மொத்தம் ஐந்து மில்லி. எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, ஐந்து மில்லிக்கு இப்படியா.

6 ஜூன், செவ்வாய்

பதினைந்து மில்லியில் புரையேறிவிட்டது. உதடு நீலம் பூத்தது. குப்புறப் போட்டு முதுகைத் தட்டினேன், சரியாயிற்று, என் சேலையெல்லாம் பால். எனக்குத்தான் அவசரம். குழந்தை மூச்சு வாங்க நிறுத்தியபோது நான் பாலாடையை எடுத்திருக்க வேண்டும். எத்தனை தடவைதான் ஒரே பாடத்தைப் படிப்பேன்? ஒரு வாய், ஒரு மூச்சு. அம்சவள்ளி கொடுத்தால் இப்படி ஆவதில்லை. இனிமேல் அவள் கொடுக்கட்டும், நான் எண்ணுகிறேன்.

15 ஜூன், வியாழன்

நானும் பாண்டிச்சேரிக்குப் போனேன். கடிதத்தை டாக்டரிடம் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு அம்சவள்ளிக்கு எதிரிலேயே, "உங்க ரிப்போர்ட்டை நம்பித்தாம்மா நாங்க முடிவு எடுக்குறோம். ஒரு குழந்தை வயித்தைக் கிழிக்கிற விஷயம் இது" என்றார். வெளியே நின்ற நர்ஸ்கள் உட்பட எல்லோருக்கும் கேட்டது. காது சுட்டது.

ஒரு மாதம் தள்ளிப்போட்டார். வாய் வழியாக ஒரு நாளைக்கு ஐந்நூறு மில்லி வர வேண்டும், எடை ஏற வேண்டும், காய்ச்சல் இருமல் இருக்கக் கூடாது. இப்போது வாய் வழியாக நூற்றுப் பத்துதான் போகிறது, மிச்சம் குழாயில்.

பஸ்ஸில் அம்சவள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது, "திட்டு வாங்கினீங்களே மேடம்" என்றாள். "நல்லா இருந்துச்சா?" என்றேன். "கொஞ்சம்" என்றாள்.

27 ஜூன், செவ்வாய்

நாள் ஒன்றுக்கு இருநூற்று எண்பது. எடை நாலு கிலோ இருநூறு. தெரு முழுக்க பாப்பாத்தி, "தொக்கம் எடுத்ததுலதான் வாயத் தொறந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

4 ஜூலை, செவ்வாய்

காலையில் பாக்கியா குழாயைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்துவிட்டாள். கையில் குழாயோடு மையத்துக்கு ஓடிவந்தார்கள். நர்ஸைக் கூப்பிட்டு மறுபடி போட வேண்டியதுதான் என்று கிளம்பினேன். அம்சவள்ளி, "ஒரு வேளை பாத்துட்டுப் போடலாமா மேடம்?" என்றாள்.

மார்ச்சாக இருந்தால் கூடாது என்றிருப்பேன். டாக்டருக்குப் போன் போட்டேன். கொஞ்சம் யோசித்தார். மூன்று நாள் பார்க்கலாம், ஒவ்வொரு வேளையும் அளந்து எழுத வேண்டும், மூத்திரத்தில் நனையும் துணி குறைந்தாலோ சோர்ந்தாலோ உடனே குழாய் என்றார்.

இன்று மொத்தம் முந்நூற்று அறுபது. போதாது. பயமாக இருக்கிறது.

5 ஜூலை, புதன்

நானூற்று முப்பது. ஒவ்வொரு வேளைக்கும் முக்கால் மணி நேரம் ஆகிறது. அம்சவள்ளி நேற்றும் இன்றும் வேலைக்குப் போகவில்லை. மேஸ்திரி சத்தம் போட்டாராம், கொளஞ்சி சமாளித்துவிட்டான்.

7 ஜூலை, வெள்ளி

ஐந்நூற்று இருபது!

போனில் சொன்னதும் டாக்டர், "ஆபரேஷன் கேன்சல். இப்படியே போகட்டும்" என்றார். அவ்வளவுதான். ஏப்ரலிலிருந்து நான் நாள் எண்ணிக்கொண்டிருந்த விஷயத்துக்கு ஒரு வரி. பக்தவச்சலம் சார் மாத அறிக்கையில் இதைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். உப்பையும் சேர்த்துத்தான் போடுவேன் என்றேன். "பாக்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

11 ஜூலை, செவ்வாய்

எடை பார்க்கும் நாள். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பதினொன்று, பன்னிரண்டு, ஆளைக் காணோம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வாரம் குழாய் இல்லை, அதற்குள் அலட்சியமா? எடை இறங்கிப்போய் எனக்குச் சொல்ல பயந்துகொண்டு இருக்கிறார்களோ? எடைத் தட்டையும் எடுத்துக்கொண்டு வண்டியில் போனேன்.

வாசலில் அம்சவள்ளி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையை வைத்துவிட்டு உதட்டில் விரல் வைத்தாள். உள்ளே தூளி ஆடாமல் தொங்கியது.

"காலையில குடிச்சிட்டுத் தூங்குது மேடம். எழுப்ப மனசு வரல."

"எப்பக் குடிச்சா?"

"எட்டரை இருக்கும்."

"மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சே. எழுப்பிக் குடு." தூளிப் பக்கம் போனேன். அம்சவள்ளி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்காதீங்க. பசிச்சா அதுவே எழுந்து கேக்கும்."

"கேக்குமா?"

"ஞாயித்துக்கெழமையிலேருந்து கேக்குது மேடம்."

நான் அவளையே பார்த்தேன். மணி தவறாமல் குழாயில் பால் இறங்கிய குழந்தை. பசி என்று ஒன்று வருவதற்கு முன்னாலேயே வயிறு நிறைந்துவிடும். நோவுக்கு அழுது பார்த்திருக்கிறேன், ஊசிக்கு அழுது பார்த்திருக்கிறேன், என்னைப் பார்த்து அழுதும் பார்த்திருக்கிறேன். பாலுக்கு அழுது பார்த்ததே இல்லை.

எடைத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். இருபது நிமிடம் இருக்கும். தூளி அசைந்தது. முதலில் ஒரு முனகல். அப்புறம் ஊரே கேட்கும்படி அழுதாள், விடாமல், கோபமாக.

அம்சவள்ளி அவசரப்படவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வரேண்டி, வரேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.